அவளுக்குத் தெரியக் கூடாது

“மாப்பிள்ளை, அவ வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

மருமகன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மாமியாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். லிஃப்ட் மெக்கானிக். இன்று வார விடுமுறை. மனைவியின் உடைகளையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“புது டாக்டரா அத்தை? விலாசம் கொடுங்க, போயிட்டு வரேன்.”

மாமியாருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான இரண்டாம் வருடம், குழந்தைப் பேச்சு வந்தபோது, “குறை என்கிட்டதான் அத்தை” என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அதிலிருந்து எட்டு வருடமாக அவனை அவள் விட்டுவைக்கவில்லை. எத்தனை டாக்டர், எத்தனை டானிக். ஒருமுறை ஆத்திரத்தில் மகளிடம், “இவரைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டே? கிளம்பி வந்துடு” என்று சொன்னது, அடுத்த அறையில் இருந்தவன் காதில் விழுந்துவிட்டது. அன்றும் அவன்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்து மாமியாரை பஸ் ஏற்றிவிட்டான்.

“டாக்டர் இல்லை. இது என் விஷயம்.”

மருத்துவமனையில் பழைய கோப்புகள் இருக்கும் அறையில் அவளுக்கு வேலை. போன வாரம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால், கரு தங்குவதற்காக ஒரு மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் கோப்புகளையெல்லாம் எடுத்துத் தர வேண்டும். தும்மிக்கொண்டே அறுபத்து நான்கு எடுத்தாள். அடுத்ததில் அவள் பெயரே இருந்தது.

“ரெண்டு கலைஞ்சு போச்சு மாப்பிள்ளை. மூணாவது இவ. இதாவது தங்கட்டும்னு ஒரு வேளைகூடத் தவறாம முழுங்கினேன்.”

“அதுக்கு இப்ப என்ன அத்தை?”

“லேடி டாக்டரைக் கேட்டேன். அது ஹார்மோன் மாத்திரையாம். வயித்துல இருக்கிற பிள்ளைக்குக் கர்ப்பப்பை உருவாகிற நேரத்துல போய்க் குழப்பிடுமாம். எல்லாருக்கும் இல்லையாம். சில பொண்ணுங்களுக்கு அது சரியா வளராமலே போயிடுமாம். பின்னாடி வேற கோளாறும் வரலாம், வருஷா வருஷம் பரிசோதனை பண்ணிக்கணும்னாங்க.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“குறை உங்ககிட்ட மட்டும்னு நினைச்சு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அவகிட்டயும் இருக்கலாம். இருந்தா, அதைக் கொடுத்தது நான்.”

“பிள்ளை வேணும்னுதானே சாப்பிட்டீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?”

அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடிக்காமல் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு உதவி பண்ணுங்க. ஏதாவது சாக்கு சொல்லி அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. காரணம் மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. பெத்தவளே இப்படிப் பண்ணிட்டாளேன்னு அவ ஒரு நிமிஷம் நினைச்சாக்கூட என்னால தாங்க முடியாது.”

அவன் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். தேய்த்த சட்டையை மடித்தான். மடிப்பு சரியில்லை என்று மறுபடியும் பிரித்தான். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“கூட்டிட்டுப் போவீங்களா மாப்பிள்ளை?”

“கூட்டிட்டுப் போயிட்டுத்தான் இருக்கேன் அத்தை. வருஷா வருஷம். எட்டு வருஷமா.”

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது தம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினாள். அவனே வாங்கி வைத்தான்.

“அப்போ... உங்ககிட்ட குறைன்னு சொன்னது?”

“எனக்கு ஒண்ணுமில்லை அத்தை. ‘நான் தங்கணும்னு எங்கம்மா மாத்திரை சாப்பிட்டாங்க’ன்னு அவ சொன்னதுமே நாங்க முதல்ல பார்த்த டாக்டருக்குப் புரிஞ்சு போச்சு. வெளியே வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. ‘எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது’ன்னு. குறை என்கிட்டன்னு சொன்னாத்தானே நீங்க காரணம் தேடாம இருப்பீங்க?”