புஸ்பவதி அக்காவின் வாக்கு

"அக்கா, ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். என்ர மச்சானுக்குச் சார்பாப் போட்டனீங்களோ, எதிராப் போட்டனீங்களோ?"

சிறீதரன் மைக்கைப் புஸ்பவதியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சொல்ல ஏலாது, தம்பி."

மண்டபம் இரைந்தது.

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம் அது. புஸ்பவதி பாடசாலைச் சமையலறையில் வேலை செய்பவர். ஆனால் மாதத்தில் ஒரு நாள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே சட்டம் படிக்காத இரண்டு குடிமக்கள் நீதிபதிக்கு இருபுறமும் அமர்ந்து, அவருக்குச் சமமாக வாக்களிப்பார்கள். 'ஷோஃபன்' என்று பெயர். தவணை ஐந்து வருடம்.

சங்கம்தான் புஸ்பவதியின் பெயரை நகரசபைக்கு அனுப்பியிருந்தது. இப்போது தவணை முடிகிறது. மறுபடியும் அனுப்புவதா, இல்லையா? அதற்குத்தான் இன்றைய வாக்கெடுப்பு.

செயலாளர் சிறீதரன் முடிவெடுத்துவிட்டே வந்திருந்தார். அவருடைய தங்கையின் கணவன் மதீசன் பொதி கொண்டுபோகும் வான் ஓட்டியவன். சைக்கிளில் வந்த ஒரு முதிய பெண்ணைத் தட்டிவிட்டு, நிற்காமல் போனான் என்று வழக்கு. போன வருடம் அவனுடைய மேன்முறையீடு தள்ளுபடியானது. லைசன்ஸ் போனது. அதோடு வேலையும் போனது. தீர்ப்புச் சொன்ன மூவரில் ஒருவர் புஸ்பவதி. மதீசனை அவருக்கு அதற்கு முன் தெரியாது.

"அந்த மனிசி விழுந்ததை அவன் காணவேயில்லை!" சிறீதரனின் குரல் உயர்ந்தது. "கண்டிருந்தா நிப்பாட்டாமல் போற பிள்ளையோ அவன்? மூண்டு பேர் இருந்த அறையில ஒராள் எங்கட ஆள். என்ன பிரயோசனம்?"

"அவ சார்பாப் போட்டு, மற்ற ரெண்டு பேரும் எதிராப் போட்டிருக்கலாம்தானே?" என்றார் தலைவர் உருத்திரமூர்த்தி.

"அப்பிடியெண்டா அதைச் சொல்லட்டுமன்! நானே மாலை போட்டு அனுப்பிவைக்கிறன்."

புஸ்பவதி எழுந்தார். "பூட்டின அறைக்குள்ள கதைச்சதை வெளியில சொல்லுறேல்லை எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன். நான் ஆருக்குப் போட்டன் எண்டு சொன்னா, மற்ற ரெண்டு பேரையும் காட்டிக் குடுத்த மாதிரித்தான். எனக்கு நல்ல பேர் வரும் எண்டாலும் சொல்ல ஏலாது. கெட்ட பேர் வந்தாலும் சொல்ல ஏலாது."

"சோத்துக்கு உப்புப் போட்டனீங்களோ எண்டு கேட்டாலும் சொல்ல மாட்டியள் போல!" என்றது ஒரு குரல்.

சிரிப்பு வெடித்தது. புஸ்பவதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார்.

கடைசி வரிசையில் மதீசன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சங்கத்தில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்த வாக்குக்காகவே பக்கத்து உன்னா நகரத்திலிருந்து சிறீதரன் ஆறு பேரைத் திரட்டி அங்கத்தவராக்கியிருந்தார். அவர்களில் அவனும் ஒருவன்.

துண்டுச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. 'ஓம்' அல்லது 'இல்லை' என்று எழுதி மடித்துப் பெட்டியில் போடவேண்டும். சங்கத்தின் நாலு நீலப் பேனைகளும் கைமாறிக் கைமாறிப் போயின. மதீசன் காத்திருக்கவில்லை. பொதிகளில் இலக்கம் எழுதிய காலத்துத் தடித்த கறுப்பு மார்க்கர் இன்னும் அவனுடைய சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து எழுதினான்.

'பாவம், அவனுக்கு எவ்வளவு அவசரம்' என்று நினைத்துக்கொண்டார் சிறீதரன்.

சீட்டுகளை அவரே பிரித்து வாசித்தார். தலைவர் கரும்பலகையில் கோடு போட்டார்.

"இல்லை... இல்லை... ஓம்... இல்லை..."

பதினோராவது சீட்டைப் பிரித்த கை அப்படியே நின்றது.

தடித்த கறுப்பு எழுத்து. ஓம்.

தவறுதலாக எழுதிவிட்டானோ? சிறீதரன் கடைசி வரிசையைப் பார்த்தார். மதீசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தவறில்லை என்பதுபோல் மெல்ல ஒரு தரம் தலையை அசைத்தான்.

அந்த மனிசி விழுந்ததை அவன் காணவேயில்லை. நீதிமன்றத்தில் அதை வழக்கறிஞர் சொன்னார். ஊரெல்லாம் சிறீதரன் சொன்னார். மதீசனின் வாயிலிருந்து அதை ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்ன செயலாளர், எழுத்து விளங்கேல்லையோ?" என்று கேட்டார் தலைவர்.

"விளங்குது." சீட்டை வாசித்தார். "ஓம்."

சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

எண்ணி முடிந்தது. ஓம், இருபது. இல்லை, பத்தொன்பது. புஸ்பவதியின் பெயர் மறுபடியும் நகரசபைக்குப் போகும்.

மண்டபம் கொதித்தது. கதிரைகள் பின்னால் தள்ளப்பட்டன.

"ஒரு வாக்கு! ஒரே ஒரு வாக்கு! எவன் மாறிப் போட்டது?"

"உன்னாவில இருந்து வந்த ஆக்களிலதான் ஆரோ! சிறீதரன் அண்ணை, நீங்கள்தானே எல்லாச் சீட்டையும் பாத்தனீங்கள். எழுத்து அடையாளம் தெரிஞ்சிருக்கும். ஆரெண்டு சொல்லுங்கோ!"

சிறீதரன் சீட்டுகளை ஒன்றுசேர்த்துக் கடித உறைக்குள் போட்டார். ஓரத்தை ஒட்டினார். விரலால் இரண்டு தரம் அழுத்தினார். முன்வரிசையில் இருந்த புஸ்பவதியை ஒரு கணம் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"சொல்ல ஏலாது."