கத்தரினாவுக்கு ஒரு பூசை

"பக்கத்தில இருக்கிறது யாரு, ஐயா?"

டொக்டர் நிஸ்ரின் மூன்றாவது தடவையாகக் கேட்டார். பேதுருவுக்குக் கதிரையிலேயே சரிந்து உறங்கிவிடலாம் போலிருந்தது.

"மச்சாள். மனுசியின்ர தங்கச்சி, திரேசா."

பக்கத்தில் இருந்தவள் மூச்சை மெல்ல விட்டாள். ஒரு மாதமாக வீட்டில் ஒப்புவிக்கப் பழக்கிய பதில் அது.

மாதத்தில் ஒரு புதன்கிழமை, பாடசாலை மண்டபத்தில் மனதுக்கு வைத்தியம் நடக்கும். வரிசையில் முன்னால் நின்ற பீற்றர், தன் வலையில் பட்ட சுறா தன்னிடம் அடையாள அட்டை கேட்டதாகச் சொல்லிவிட்டு இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தான். அவனுக்கு ஒரே நிறத்தில் மாத்திரை. பேதுருவுக்கு மூன்று நிறம்.

பேதுருவின் குற்றம் சிறியது. கரையில் வலையைச் சிக்கெடுத்துத் தெரிந்துகொண்டு நின்றவர், சோறு கொண்டுவந்த திரேசாவைப் பார்த்து, "கத்தரினா, தண்ணிப் போத்தல் எங்க?" என்று கேட்டுவிட்டார். ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை.

கத்தரினா அவருடைய பெண்சாதி. வன்னியில், கடைசிச் சண்டையில் செத்துப்போனவள். மரணச் சான்றிதழ்கூட அலுமாரியில் இருக்கிறது.

கரையில் செத்தவளைக் கூப்பிடுகிறவன் கடலில் யாரைக் கூப்பிடுவானோ என்று மற்றவர்கள் படகில் ஏற மறுத்தார்கள்.

"டொக்டர்ட கடிதத்தோட வாங்க, பேதுரு," என்றார் படகுக்காரர் லத்தீப். "எனக்கு ஒண்டுமில்ல. பொடியன்மார்தான் பயப்புடுறாங்க."

நாலு மாதமாகக் கடல் இல்லை. வீட்டில் காலையில் பாணும் வெறும் தேத்தண்ணியும், இரவில் காலையில் மிஞ்சிய பாண்.

டொக்டர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். எத்தனை மணிக்கு உறக்கம் கலையும்? பசி உண்டா? ஆளில்லாத இடத்தில் குரல் கேட்குமா? எப்போது தொடங்கியது? பேதுரு எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

பிறகு டொக்டர் பேனையை வைத்துவிட்டு விளக்கினார். அழவேண்டிய நேரத்தில் அழ விடாவிட்டால் மனம் அந்தச் சாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடும். சில வேளை செத்தவரின் முகத்தைக் கொண்டுபோய் உயிரோடு இருக்கிறவர்மேல் ஒட்டிவிடும். இது பைத்தியம் இல்லை, ஆறாத காயம்.

இவ்வளவு வடிவாக யாரும் பேதுருவுக்குப் பேதுருவைச் சொன்னதில்லை. கேட்கக் கேட்கத் தன் வருத்தம் அவருக்கே பிடித்துப்போயிற்று.

"உங்கட சமயத்தில மவுத்தானவங்களுக்குப் பூசை வைப்பாங்கதானே? கத்தரினாக்கு வெச்சீங்களா?"

"இல்லை."

"அப்ப வைங்க. பாதர் பேர் சொல்லி வாசிக்கிறத இருந்து கேளுங்க. அது மனசுக்கு நல்லது. நீங்க ஓமெண்டா இப்பவே கடிதம் தாரன்."

"மாட்டன்," என்றார் பேதுரு.

டொக்டர் கோபிக்கவில்லை. கோப்பில் நீளமாக எதையோ எழுதினார். நாலாவது நிறம் ஒன்று சேர்ந்தது.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கூட வந்தவள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கைக்கு வந்த கடிதத்தை விட்டிட்டு வாறியள். என்ன மனுசன் நீங்கள்?"

"ஆமிக்குப் பொய் சொன்னன். பதிவுகாரனுக்குப் பொய் சொன்னன். பீடத்தில வைச்சு உன்னைச் செத்தவள் எண்டு வாசிக்க, நான் முழங்காலில நிண்டு கேக்கிறதோ, கத்தரினா?"

"கத்துங்கோ. இன்னும் கத்துங்கோ. உள்ளுக்க கேக்கட்டும்."

இரண்டு வருடத்துக்கு முன்பு, சனமெல்லாம் கடல்நீரேரியைக் கடந்து வந்த அன்று, இயக்கத்துக்கு உடுப்புத் தைத்தவர்களை ஆமிக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிரித்தார்கள். கத்தரினா மூன்று வருடம் தைத்தவள். அவள் நீட்டியது தங்கையின் அடையாள அட்டையை. ஒரே முகம், இரண்டு வயது இளமை. அட்டைக்கு உரியவள் முதல்நாள் பின்னேரம்தான் செத்திருந்தாள்.

அந்த வரிசையில் அழ முடியாது. அழுதால், யார் செத்தது என்று கேட்பார்கள்.

அவள் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். நேரமெடுத்துக் கழுவினாள்.

"பூசைக்குச் சொல்லுங்கோ."

"உனக்கோ?"

"என்ர பேரில. திரேசா கடதாசியில உயிரோட திரியிறாள். அவளுக்கெண்டு ஒரு மெழுகுதிரி கொளுத்த ஏலாமல் கிடக்கு. பாதர் எந்தப் பேரை வாசிச்சால் என்ன?"

பேதுரு திரும்ப மண்டபத்துக்குள் போய், வரிசையை விலக்கிக்கொண்டு, அதே கதிரையில் இருந்தார்.

"ஓம், டொக்டர். செத்துத்தான் போனா. பூசை வைக்கிறன்."

டொக்டர் அவரைக் கூர்ந்து பார்த்தார். இந்த வேலையில் ஒப்புவிக்கிற ஓமும் மனதால் சொல்கிற ஓமும் தெரிந்துபோகும்.

"எங்க அடக்கினீங்க, ஐயா?"

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. வாயைத் திறந்த பேதுருவுக்கு அழுகைதான் வந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பனையடியில், என்றார். மண்வெட்டி இல்லை, சட்டி மூடியால் கிண்டியது. காலை மூடச் சேலை போதாமல் போயிற்று. ஒரு செருப்புத்தான் இருந்தது, மற்றதைத் தேட நேரமில்லை.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. டொக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, கத்தரினாவின் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டார்.