நோட்டில் ஏறாத அளவு

“அளவை எழுதலையா?” என்று அக்கா மறுபடியும் கேட்டாள்.

தங்கச்சிக்கு அளவெடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து வந்த டெய்லரம்மா, சுவரைப் பார்த்து நின்று எண்களை முணுமுணுத்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

மேஜை மேல் அளவு நோட்டு திறந்தே கிடந்தது. முன்னால் வந்தவருக்குத் தோள், கழுத்து, கை நீளம் என்று வரிசையாக எழுதியதை அக்கா கண்ணால் பார்த்திருந்தாள். தங்கச்சிக்கு மட்டும் ஒரு எழுத்து இல்லை.

“ஜிப் மாத்தித் தருவீங்களா?” என்று வாசலில் ஒருவர் கேட்டார். இருங்க என்று கையைக் காட்டினாளே தவிர, டெய்லரம்மா முணுமுணுப்பை விடவில்லை.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்களைப் பார்த்தா இளிச்சவாயா தெரியுதா? ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு திங்கக்கிழமைதான் வேலைக்குப் போறா. பழைய யூனிஃபார்ம் எதுவும் சேரலைன்னு அழுது, போகவே மாட்டேன்னா. இழுத்துட்டு வந்திருக்கேன். நீங்க மறந்து தொலைச்சா?”

“மறக்க மாட்டேன்மா.”

“கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு இப்பதானே தேடினீங்க!”

“கண்ணாடி வேற, இது வேற. சனிக்கிழமை வாங்க.”

“அக்கா, போதும் வா,” என்றாள் தங்கச்சி, குனிந்த தலை நிமிராமல்.

சனிக்கிழமை வரை அக்கா புலம்பித் தீர்த்தாள்.

சட்டையை வாங்கிக்கொண்டு தங்கச்சி திரைக்குள் போனாள். அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரை விலகியது.

தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. மார்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டம். இடது பக்கம் உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்திருந்தது வெளியே துளிகூடத் தெரியவில்லை. ஆறு மாதமாகக் கூனிக்கொண்டே நடந்தவள் நிமிர்ந்து நின்றாள்.

“இன்னும் ரெண்டு சட்டை தைக்கச் சொல்லுக்கா.”

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “அப்ப இப்பவாவது அளவை எழுதி வச்சுக்கங்கம்மா.”

டெய்லரம்மா உள்ளே வேலை செய்கிறவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிட்டே வந்து மெல்லச் சொன்னாள்.

“எழுதினா, இடது வேற வலது வேறன்னு எழுதணும். வெட்டுறவர், தைக்கிறவர், பட்டன் வைக்கிற பொண்ணுன்னு எல்லாரும் பிரிக்கிற நோட்டும்மா அது. அதான் நானே வெட்டி நானே தைச்சேன். தங்கச்சியோட அளவு என் தலைக்குள்ளேயே இருக்கட்டும்.”