துப்ப மறுத்த லயம்

"துப்ப மாட்டோம்!"

அழகம்மா சொல்லிவிட்டால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் அதற்குமேல் பேச்சில்லை. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டுப் போட்டிருந்த பெஞ்சுகளில், கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சுலக்ஷனா நீட்டிய பிளாஸ்டிக் குழாயை மேசையில் வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

அவள் இதே லயத்தில் பிறந்தவள். இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ஒருவருடைய மரபணுவைப் படித்து, சீனி வியாதிக்கு எந்த மருந்து அவருடைய உடம்புக்குக் கேட்கும், எது கேட்காது என்று கணினியைக் கொண்டு முன்கூட்டியே சொல்லும் ஆய்வு. அவளுடைய கணினியில் எந்தெந்த நாட்டு மனிதர்களின் மரபணுக்களோ குவிந்து கிடந்தன. மலையகத்தார் ஒருவருடையதுகூட இல்லை.

"எங்கள் சனத்தைச் சேர்க்காமல் இந்த ஆய்வை முடிக்க மாட்டேன்" என்று பேராசிரியரிடம் மல்லுக்கட்டி, பொகவந்தலாவைத் தோட்டத்துக்கு வர வேன் கேட்டு வாங்கியவள் அவளே. வெறுங்கையோடு திரும்பினால் வேன் மறுபடி வராது என்று அவரும் சொல்லியே அனுப்பியிருந்தார்.

"இரத்தம் எடுப்போமா, எச்சில் எடுப்போமா?" என்று அவர் கேட்டபோது சுலக்ஷனா சிரித்தாள். "எச்சில் போதும் சேர். எங்கள் ஆட்கள் ஊசியைக் கண்டால் மலையேறி ஓடிவிடுவார்கள்."

இரண்டுக்கும் அனுமதி இருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஊசிப் பெட்டியையும் தாதி ஷிராணியையும் அவர் வேனில் ஏற்றிவிட்டார். ஷிராணி காலையிலிருந்து பார்த்த ஒரே உத்தியோகம், வந்தவர்கள் எல்லோரும் நீட்டிய ரொட்டியை மறுக்காமல் வாங்கிக்கொண்டதுதான்.

"அத்த, வலிக்காது. இந்தக் கோடு வரைக்கும் துப்புனாப் போதும்" என்று சுலக்ஷனா மறுபடி கெஞ்சினாள்.

"வலிக்கும்னு யாருடி சொன்னா?"

"அப்ப என்ன பயம்? எடுத்துட்டுப் போயி செய்வினை வச்சிருவேன்னா?"

"நீ வச்சாலும் அது எங்ககிட்டப் பலிக்காது, போடி!" என்றது பின்வரிசை. பெஞ்சுகள் குலுங்கின.

அழகம்மா சிரிக்க முடியாமல் எழுந்தாள். வாய் நிறைய வெற்றிலை. வாசலுக்குப் போய் வேலியோரம் 'ப்ளிச்' என்று துப்பிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தபடி வந்து அமர்ந்தாள்.

சுலக்ஷனாவுக்குப் பொறுக்கவில்லை. "வேலிக்குத் துப்புறீங்க. எனக்குத் துப்ப மாட்டீங்களா?"

"வேலியும் நீயும் ஒண்ணாடி?"

அவ்வளவுதான். படித்தவர்களுக்கே உரிய வேகத்தில் சுலக்ஷனா தீர்ப்பு எழுதிவிட்டாள். இது பீலிக்கரைச் சண்டை. தண்ணீர் பிடிப்பதில் அம்மாவுக்கும் அழகம்மாவுக்கும் மூண்ட பகை. அம்மாவிடம் காட்ட முடியாததை மகளிடம் காட்டுகிறாள். போதாததற்கு ஊரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மாவோட சண்டைன்னா அவங்களோட வச்சுக்கங்க! என் படிப்புல ஏன் கைய வைக்கிறீங்க? ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிவிட்டுத்தான் நாம இன்னும் இந்த லயத்துலயே கெடக்குறோம்!"

ஷிராணியின் கையிலிருந்த ரொட்டி பாதி வழியில் நின்றது.

அழகம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேசி முடிச்சிட்டியா? ஒங்க அம்மாவோட சண்டை நாளைக்கும் இருக்கும், நாளை மறுநாளும் இருக்கும். அது எங்க ரெண்டு பேரு விசயம். நீ கேம்பஸுக்குப் போன அன்னைக்கு இந்த லயத்துல ஒரு வீடு பாக்கியில்லாம பொங்குனமே, அதுல எம் பானையும் இருந்திச்சா, இல்லையா?"

"இருந்திச்சு" என்றாள் சுலக்ஷனா. குரல் இறங்கிவிட்டது.

"வாய் வச்ச கோப்பையக்கூட அடுத்தவங்க கையில குடுக்க மாட்டோம். இந்த லயத்துலயிருந்து பெரிய படிப்புப் படிக்கப் போன ஒரே புள்ள நீ. ஒம் மூஞ்சிக்கு முன்னாடி துப்பி, அந்த எச்சிய ஒங் கையிலயே குடுக்கணுமா? எச்சி அள்ளவாடி ஒன்னய அனுப்பி வச்சோம்?"

பெண்கள் மீண்டும் தலையாட்டினார்கள். சுலக்ஷனாவுக்கு இப்போதுதான் அந்தத் தலையாட்டலின் அர்த்தம் விளங்கிற்று. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"எனக்கு அது அசிங்கமில்ல, அத்த."

"ஒனக்கு இல்லாட்டிப் போகுது. எங்களுக்கு இருக்கு."

"அப்ப வேற வழியில்ல. இனி..." அவள் எச்சிலை விழுங்கினாள். "இனி ஊசி குத்தி ரத்தந்தான் எடுக்கணும். விருப்பமில்லாதவங்க தாராளமாப் போகலாம். நான் கோவிக்க மாட்டேன்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சுலக்ஷனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது வாசல் வெறுமையாக இருந்தது. வரிசை ஷிராணிக்கு முன்னால் நின்றது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்பதைப்போல, இடித்துக்கொண்டும் ஏசிக்கொண்டும். முதல் ஆளாக அழகம்மா ஸ்வெட்டர் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தாள்.

"நர்ஸம்மா, ரொட்டிய வச்சிட்டு ஊசிய எடுங்க! ஏய் சுலக்ஷனா, ஓடிப்போயி ஒங்க அம்மாவையும் கூட்டிட்டு வா, எனக்குப் பின்னால நிக்கட்டும். இத மொதல்லயே கேக்குறதுக்கு என்னடி? கொழுந்து எடுக்கப் போற எடத்துல தெனமும் அட்டைக்கே ரத்தத்தச் சும்மா குடுக்குறோம், எங்க புள்ளைக்குக் குடுக்க மாட்டமா?"