எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கொக்கி

"அக்கா, போர்டுல தப்பு இருக்கு!"

தையல் கடை வாசலில் புதுப் பலகையை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய பெயின்டருக்கு முகம் சுருங்கிப் போனது. 'சிஸ்டர்ஸ் டெய்லரிங்' என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று எழுதியிருந்தார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அக்காவை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டதால் அதையே கடைக்கும் பெயராக வைத்துவிட்டாள்.

தங்கை ஆங்கில டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் ஆறு மாதமாக இங்கே பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற உறுத்தல் அவளை விடவில்லை. இந்த விஷயத்திலாவது உதவலாம் என்று முன்னால் வந்தாள்.

"மேல ஒரு சின்னக் கொக்கி இருக்கே, அபாஸ்ட்ரபி, அது எஸ்ஸுக்கு முன்னாடி வரணும்ணே. நீங்க பின்னாடி போட்டிருக்கீங்க."

"நான் முன்னாடிதாம்மா போட்டேன். உங்க அக்காதான் பிடிவாதமா அழிச்சு மாத்தச் சொன்னாங்க."

"ஏன்க்கா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கடை ஒருத்தியோடதுன்னா கொக்கி முன்னாடி வரும். பின்னாடி போட்டா ரெண்டு பேரோட கடைன்னு அர்த்தமாயிடும்!"

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"தெரியும்டி. மூணு நாளா உன் கிராமர் புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டுத்தானே மாத்தச் சொன்னேன்."

பெயின்டர் பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி ஏணியில் கால் வைத்தார்.

"இப்ப என்னம்மா, மாத்தணுமா வேணாமா?"

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்ணே. சரியாத்தான் இருக்கு."