கண்டம் கழித்த மாலை

ஆயுத பூஜைக்குக் கட்டிய சாமந்தி மாலை, காரின் முகப்பை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. மலைப்பாதை ஏறும்போது எஞ்சின் கொதித்தது.

"என்னடா, தூங்கிட்டியா?" என்று எஞ்சின், ரேடியேட்டர் ஃபேனை அதட்டியது.

"சுத்திக்கிட்டுத்தாண்ணே இருக்கேன். காத்து உள்ள வந்தாத்தானே சூடு தணியும்? மாலையைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

"சாமி மாலையையா? கன்னத்துல போட்டுக்கோ! அது இருக்கறதாலதான் இந்த மட்டோட போச்சு."

கன்னமில்லாத ஃபேன் தன் பாட்டுக்குச் சுற்றியது. மாலை பெருமையாகத் தலையாட்டியது.

அடுத்த வளைவில் நார் அறுந்து, மாலை ரோட்டில் விழுந்தது. காற்று குபுகுபுவென்று உள்ளே புகுந்தது. கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் குளிர்ந்துவிட்டது.

"பாத்தியாடா?" என்றது எஞ்சின், தழுதழுத்து. "நமக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. பூக்கடை வரட்டும், இதைவிடப் பெருசா ஒண்ணு கட்டிடணும்."