தம்பியின் குப்பி

தான் கழிக்கும் சிறுநீரில் நுரை கட்டுவதை மாசானம் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். உப்பளத்து வரப்பில் அது வெள்ளையாகத் திரண்டு, காற்றடித்தாலும் கலையாமல் கிடந்தது. அதனால்தான் கப்பல் வேலைக்கு மருத்துவச் சோதனை உண்டு என்றதும் தம்பி கொம்பையாவின் நீரைக் கேட்டு வாங்கினான். அதே அளத்தில் வேலை பார்த்தாலும் காய்ச்சலென்று ஒருநாள் படுக்காதவன் அவன்.

சளி மருந்துக் குப்பியில் பிடித்ததை, சூடு ஆறாமலிருக்க மடியில் கட்டிக்கொண்டு இருவருமாகப் பஸ் ஏறினார்கள். ஆய்வகக் கழிப்பறையில், அங்கே கொடுத்த டப்பாவுக்கு மாற்றும்போது நுரை பொங்கியது. பஸ்ஸில் குலுங்கியிருக்கும் என்று மாசானம் நினைத்துக்கொண்டான்.

"யூரின்ல புரோட்டீன் ரொம்பப் போகுது. கிட்னி பழுதாயிட்டு வருது," என்றாள் ஆய்வகப் பெண். "வீட்ல ஒருத்தரும் சொல்லலையா, கால் வீங்குதுன்னு?"

மாசானம் தன் காலைப் பார்த்தான். எலும்பு துருத்திக்கொண்டு வற்றலாய் இருந்தது.

வெளியே படிக்கட்டில் கொம்பையா உட்கார்ந்திருந்தான். புதுச் செருப்பு கடிக்கிறதென்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான்.

"என்னண்ணே, பாஸா?"

மாசானம் அவன் முன் குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

"ஐயே, என்னண்ணே இது! ஒரு குப்பி மூத்திரத்துக்கா கால்ல விழுவாவ?" கொம்பையா சிரித்தான்.

மாசானம் விரலை எடுத்தான். குழி விழுந்திருந்தது. அது மேலெழும்பி வரட்டுமென்று தலை நிமிராமல் காத்திருந்தான்.